இருபத்திரண்டாம் சங்கீதம்

பாலக்கோடு பஸ்ஸில் ஜன்னலோரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் எழிலரசி. பைபிளின் மேய்ப்பர் சங்கீதம்... பசும்புல் ஆயிற்று, நீர்நிலை ஆயிற்று, நீதியின் பாதையும் ஆயிற்று. மழையில் நனைந்த தலையோடு ஒருவன் ஏறி எதிரில் நின்றான். என்ன கண்ணு அது! ஐயோ, அடுத்த வரி என்ன?

"இருண்ட பள்ளத்தாக்குங்க," என்றான் அவன்.

"உங்கள யாரு கேட்டா?"

"முழிச்சீங்களேன்னு சொன்னேங்க. எங்க சர்ச்சுல சின்னப் புள்ளைங்களுக்கே தெரியும்."

"எங்க மாதா கோயில்லயும் தெரியும்!"

அவன் இளம்பரிதி, கணக்கு வாத்தியார். மறுநாளும் அதே பஸ்... மழைக்காலம் முடிவதற்குள் ஆளுக்கொரு வரியாகச் சங்கீதம் சொல்லிக்கொண்டு போனார்கள். அவன் தன் மனதைச் சொன்னபோது மட்டும் அவள் நிமிர்ந்தாள். "எங்கப்பா சரின்னு சொல்லட்டுங்க. அதுவரைக்கும் என் வாயில ஒரு வார்த்தை வராது."

அப்பா சவரியப்பனுக்கு, மனைவி போனதிலிருந்து மகள்தான் உலகம். பெண் கேட்டு வந்தவன் கத்தோலிக்கன் இல்லை, வேறு சபைப் பையன் என்றதும் முகம் சுருங்கியது.

"ஜெபம் பண்ண வருமா தம்பி? இருபத்திரண்டாம் சங்கீதம்... சொல்லுங்க பாப்போம்."

இவ்வளவுதானா! இளம்பரிதி கண்ணை மூடித் தொடங்கினான். ஏன் என்னைக் கைவிட்டாய் என்று கடவுளையே கேட்கும் கதறல் அது.

சவரியப்பன் எழுந்துவிட்டார். "பொண்ணு கேக்க வந்த வூட்டுல ஒப்பாரியா?"

எழிலுக்குப் பளிச்சென்று புரிந்தது. "அப்பா! உங்க பழைய கத்தோலிக்க பைபிள்ல இருபத்திரண்டுதான் மேய்ப்பர். அவுங்களுதுல அது இருபத்துமூணுப்பா!"

"அப்ப நிறுத்துங்க தம்பி."

"மன்னிச்சுக்குங்க. பாதியில விட்டா அழுகையோட நின்னுடும். இது முடியறது துதியிலங்க."

அவன் நிறுத்தவில்லை. கதறல் மெல்ல மெல்ல நன்றியாக மாறியது. முடிந்தபோது சவரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவ அம்மா போனப்ப எனக்கும் இப்படித்தான் கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டா பாவம்னு வாய மூடிக்கிட்டேன்..." அவன் தோளைத் தொட்டார். "கடவுள்கிட்டயே பயப்படாம கேக்கறீங்க, பாதியில விடவும் மாட்டேங்கறீங்க. எம்பொண்ண நல்லாப் பாத்துக்குவீங்க."

வாசல்வரை வழியனுப்ப வந்தாள் எழில். தூறல் விழுந்தது.

"இப்பவாவது அந்த வார்த்தையச் சொல்லலாமுல்ல?"

"பிடிச்சிருக்குங்க... மொத நாளே பிடிச்சிருந்துச்சு."

"அப்புறம் ஏங்க அப்படி மொறச்சீங்க?"

"தினம் சொல்ற சங்கீதம்... உங்களப் பாத்ததும் மறந்து போச்சே. கோவம் வராதா?"