சின்னம்மாள் டீச்சரின் டெஸ்க்

நேற்று ஆயுத பூஜைக்கு டெஸ்க்கில் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் காயவில்லை. காலையிலிருந்து வெயில் ஜன்னல் வழியே அதன்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. நர்மதா தொட்டுப் பார்த்தாள். இப்போதுதான் யாரோ குழைத்து வைத்தது போல் ஈரம். கலப்படச் சந்தனம் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

விஜயதசமிக்குப் பிள்ளை சேர்க்கப் பள்ளியைத் திறந்து வைத்திருந்தாள். ஜெயங்கொண்டத்துக்கு அப்பால் முந்திரித் தோப்புக்குள் இருக்கும் ஓராசிரியர் பள்ளி. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தனியார் பள்ளி வேன் அள்ளிக்கொண்டு போய்விட்டது. இன்று ஒரு பிள்ளையாவது சேராவிட்டால் பூட்டிவிடுவார்கள். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கும், அது கவலையில்லை. புருஷன் போன பிறகு வாடகை அறையில் பேச்சுத்துணையின்றிக் கிடந்தவளை வாய் நிறைய ‘டீச்சர்’ என்று கூப்பிட்டது இந்த இடம் ஒன்றுதான். இதையும் இழக்க அவளுக்கு மனசில்லை.

டெஸ்க் சின்னம்மாள் டீச்சருடையது. கூலிக்காரர் பிள்ளைகளை மற்ற பள்ளிகள் ஒதுக்கிய காலத்தில் இங்கே முதன்முதலாகப் பள்ளி வைத்தவர். புதிதாக வரும் பிள்ளையைத் தன் இருக்கையிலேயே உட்காரவைத்து, பின்னால் நின்று குனிந்து, விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதவைப்பாராம். அவர் செத்து எத்தனையோ காலமாகியும் பெரியவர்கள் யாரும் அந்த இருக்கையில் உட்காருவதில்லை. நர்மதாவுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிதான்.

பிள்ளைகள் இருந்தவரை சத்துணவு சமைத்த ராசாத்தி மத்தியானமே தட்டில் அரிசியைப் பரப்பி வைத்துவிட்டுக் கிளம்பினாள். போகும்போது வாசலில் நின்றாள்.

“புள்ள வெரல் படாம அரிசிய அள்ளிடாதீங்க டீச்சர். அப்பறம் இந்தப் பள்ளிக்கொடத்துக்குப் புள்ளையே வராது.”

பொழுது சாய்ந்தது. மழைக்குக் காத்திருந்த காற்றில் மக்கிய இலையின் வாடை வந்தது. தோப்புக்குள் சருகு நொறுங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம், யாரோ ஒரு தாய் பிள்ளையை இழுத்துக்கொண்டு வருகிறாள் என்று நம்பி அவள் எழுந்து வாசல்வரை போனாள், ஒவ்வொரு முறையும் வெறும் பாதையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கடைசியில் அழுகை வந்தது. எழுதாத அரிசியை அப்படியே விட்டுப் போகவும் முடியவில்லை, அள்ளவும் பயம். பிள்ளை விரல்தானே வேண்டும், நானும் ஒருத்திக்குப் பிள்ளைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

அரிசியில் விரல் வைத்தாள்.

முதல் சுழி அவள் போட்டது. அடுத்த வளைவு அவள் போட்டதில்லை.

கையின்மேல் ஒரு கை. சில்லென்று. சந்தன வாசம்.

இழுத்தாள். வரவில்லை. எழ முடியவில்லை. தலையைத் திருப்பத் துணிச்சல் இல்லை. விரல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அப்போது வாசலில் நிஜமாகவே கொலுசு கேட்டது. ஒரு பெண், கையில் வெற்றிலைத் தட்டு. பாவாடை கட்டிய சின்னப் பெண் பக்கத்தில். காலையிலிருந்து இவர்களுக்காகத்தானே காத்திருந்தாள். வாங்க என்று கத்தினாள்.

“ஆனா,” என்று எழுத்தைத்தான் சொன்னது அவள் வாய்.

தாய் உள்ளே பார்த்தாள். டெஸ்க்கை நேராகவே பார்த்தாள்.

“பூட்டாமப் போயிட்டாங்க போல. ஒருத்தரயும் காணும்.”

“டீச்சர் நிக்கிறாங்கம்மா,” என்றாள் சின்னப் பெண். அவள் கண் நர்மதாவின் தலைக்கு மேலே இருந்தது. பயமில்லாமல் கைகூப்பினாள்.

“எங்கடி? வா, வேன்லயே போயிக்கலாம்.”

போகாதீங்க. ஆனா. போகாதீங்க. ஆனா. ஆனா.

கொலுசு தோப்புக்குள் தேய்ந்தது. அறை இருட்டியது. அரிசியில் எழுத்து முடிந்தது, கோணலாக. விரல் நின்றது.

தோளுக்கு மேலிருந்து சுருக்கம் விழுந்த இன்னொரு கை நிதானமாக இறங்கி, எழுதியதை அழித்து, அரிசியை மறுபடி சமமாகப் பரப்பியது.