அமீனா, க/பெ ஹனீபா

நாற்காலி சூடாக இருந்தது.

நாலு மாதமும் பத்து நாளும் பூட்டிக் கிடந்த கடை. ஷட்டர் பூட்டில் துரு ஏறி, சாவி திரும்புவதற்குள் அமீனாவுக்கு உள்ளங்கை சிவந்துவிட்டது. உள்ளே ஈரக் காகித வாடை, எலிப் புழுக்கை, மேசை மேல் வழித்தெடுக்கலாம் போலத் தூசி. அந்த ரெக்சின் நாற்காலி மட்டும், இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்து கையை வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

அவளுக்கு வந்தது பயமல்ல, கோபம். இன்னொரு சாவி கொழுந்தன் தௌபீக்கிடம் இருக்கிறது. அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு கடையை அளக்க ஆரம்பித்தவன். புருஷனை இழந்தவள் இத்தா முடியும்வரை வாசற்படி தாண்டக்கூடாது என்பதை ஊருக்கே நினைவூட்டிக்கொண்டிருந்தவனும் அவன்தான். நேற்று இத்தா முடிந்தது. நேற்றே வந்து கெடு வைத்துவிட்டான். திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் மனு நாள், செம்மநத்தம் மலைக்கிராமத்து ஆட்கள் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள், அன்றைக்கு அண்ணி கடையை ஓட்டிக் காட்டட்டும், முடியாவிட்டால் அங்கே செல்போன் கடை வரும் என்றான். இன்று ஞாயிறு, மத்தியானம் மூன்று மணி.

'உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனானாக்கும்' என்று முணுமுணுத்துக்கொண்டே துடைக்கும் துணியால் நாற்காலியை ஓங்கி நாலு அடி அடித்தாள்.

பதினெட்டு வருடமாக அது ஹனீபாவின் நாற்காலி. ஏற்காட்டில் தாலுகா ஆபீசுக்குப் போகிற யாரும் அவர் கடையில் மனு அடிக்காமல் போக மாட்டார்கள். அடித்தது அவர்தான், எழுதியது யார்? தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள் அமீனா. ராத்திரி சாப்பாட்டுத் தட்டை எடுத்த கையோடு அவர் தாள்களை நீட்டுவார், இவள் பிழை திருத்தி, பத்தி பிரித்துக் கொடுப்பாள். மறுநாள் 'பாய் எழுதினா நிச்சயம் கெடைக்குமுங்க' என்று மலை ஜனங்கள் அவரைக் கும்பிடுவார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நானும் கடைக்கு வருகிறேன் என்று கேட்டதற்கு அவர் மோதிர விரலால் தட்டின் விளிம்பை இரண்டு தட்டு தட்டினார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பங்குனியில் ஒரு சாயங்காலம் இதே நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அழுதாள்தான். ஆனால் அந்த நாலு மாதமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது அவளுக்குள் ஊறியது துக்கம் பாதி, ஆத்திரம் பாதி.

கம்ப்யூட்டர் பழசு. விண்டோஸ் ஏழு. எந்த அரசாங்க வெப்சைட்டும் அதில் இப்போது திறப்பதில்லை. தலைச்சோலைப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கும் சிவசக்திதான் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் என்ற புது சிஸ்டம் போட்டுக் கொடுத்து, செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதியும் தந்திருந்தாள். பழையதைச் சுத்தமாக அழித்துவிடலாமா என்று அமீனா போனில் கேட்டதற்கு அவள் பதறிவிட்டாள்.

"அழிச்சுப் போடாதீங்கக்கா. அந்தப் பிரிண்டரு பழைய சிஸ்டத்துலதானுங்க ஓடும். ஒரே டிஸ்க்க ரெண்டா பிரிச்சு, அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம் இருக்கட்டுங்க. ஆனா பாதியில மட்டும் நிறுத்தீராதீங்க. ரெண்டும் போயிருமுங்க."

சரி, ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். பென் டிரைவைச் செருகி மெஷினை ஆன் செய்தாள். சிபியு பெருமூச்சு விட்டு, உள்ளே ஹார்டு டிஸ்க் சுழல ஆரம்பித்தது. வெளியே ஏரிப் பக்கமிருந்து கிளம்பிய பனி ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த டீக்கடையை விழுங்கி, பாதி தூக்கிய ஷட்டரின் கீழாக உள்ளே வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. அதோடு ஒரு வாசமும் வந்தது. கிராம்பு. பல்வலிக்காக ஹனீபா எந்நேரமும் கடைவாயில் அடக்கிவைத்திருந்த கிராம்பு. இழுப்பறையில் பொட்டலம் கிடக்கும் என்று திறந்தாள். ஒரு குண்டூசி டப்பா, காய்ந்த ஸ்டாம்ப் பேடு, வேறொன்றுமில்லை. இழுப்பறையை மூடும்போது கண் தரைக்குப் போனது. தூசியில் தெரிந்தது ஒரே ஒரு செருப்புத் தடம், வாசலிலிருந்து நாற்காலிவரை, அவளுடையது. தௌபீக் வந்திருந்தால் அவன் தடம் எங்கே?

திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அதில் நன்றாகவே உட்கார்ந்தாள். எழுந்து போவேன் என்ற நினைப்பா?

திரையில் ஒரு நீளமான பட்டை வந்தது. இடது பக்கம் பழைய சிஸ்டம், வலது பக்கம் புதியது, நடுவில் ஒரு கோடு. கோட்டை இழுத்து யாருக்கு எவ்வளவு இடம் என்று தீர்மானிக்க வேண்டும். தாளில் சிவசக்தி பாதிக்குப் பாதி என்று எழுதியிருந்தாள். அமீனா கோட்டைப் பிடித்து இடது பக்கமாக இழுத்தாள். இன்னும் இழுத்தாள். பதினெட்டு வருடம் அடுப்படி ஓரத்தில் எனக்கு விட்ட இடம் எவ்வளவோ, அவ்வளவு போதும் உனக்கு. கால் பங்கு பழையதற்கு, முக்கால் பங்கு புதியதற்கு. மனதுக்குள் அவரை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கில் இனித்தது.

'நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?' என்று அடுத்த பக்கம் கேட்டது. கடையில்தான், வேறெங்கே என்று சொல்லிக்கொண்டு அடுத்ததை அமுக்கினாள்.

'நீங்கள் யார்?'

கீழே பெயருக்கு ஒரு கட்டம். ரேஷன் அட்டை, பேங்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஊரார் மனுக்கள் என்று எத்தனை ஆயிரம் கட்டங்களை நிரப்பிய விரல்கள். அவள் யோசிப்பதற்கு முன் அவை ஓடி முடித்திருந்தன. அமீனா, கணவர் பெயர் ஹனீபா. பெண்பிள்ளை பெயர் என்றால் பின்னால் ஒரு ஆம்பிளை பெயர் வந்துதானே நிற்கும். கண் அதைப் படித்தபோது சுண்டுவிரல் என்டரைத் தட்டிவிட்டிருந்தது.

"சீ," என்றாள். அவளுக்கே அவள் மேல் எரிச்சல் வந்தது. செத்த பிறகுமா? திரும்பிப் போக அந்தப் பக்கத்தில் வழியில்லை. திரை தானாக அடுத்ததற்குப் போய்விட்டது. 'வரவேற்கிறோம்' என்றது. அதன் கீழே ஒரு பெயர்தான் இருந்தது, அவளுடையது இல்லை. வரவேற்கிறோம், ஹனீபா.

இன்ஸ்டால் ஆரம்பித்தது. நாலு சதவீதம், ஐந்து. 'இடம் ஒதுக்கப்படுகிறது' என்று கீழே ஒரு வரி ஓடியது. ஹார்டு டிஸ்க் சுழல்வது நின்று, நின்று, மறுபடி சுழன்றது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் உள்ளிருந்து ஒரு சத்தம். டக் டக். இரண்டே தட்டு.

பழைய டிஸ்க் அப்படித்தான் சத்தம் போடும் என்று நினைத்துக்கொண்டாள். மேசை விளிம்பைப் பிடித்திருந்த இடது கை மரத்துப்போயிருந்தது. உதறினாள். மரமரப்பு தோளுக்கு ஏறியது. இருபது சதவீதம். வாயில் ஏதோ உறைத்தது. துப்பலாம் என்று நாக்கால் துழாவினாள், கடைவாயில் ஒன்றும் இல்லை. பல்லே இல்லை. அவளுக்கு எல்லாப் பல்லும் உண்டு. பிடுங்கிய குழி ஒன்றில் நாக்கு நுனி போய் விழுந்தது. ஹனீபாவுக்குத்தான் அங்கே பல் கிடையாது.

சிவசக்தியைக் கூப்பிடப் போனை எடுத்தாள். கூப்பிட வேண்டும், என்ன பெயர் என்று தேட வேண்டும்? அந்தத் தலைச்சோலைப் பெண். டீச்சர். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். பெயர்? இப்போதுகூட நினைத்தேனே. பெயர்?

முப்பத்தெட்டு.

சரி, மற்றது எல்லாம் இருக்கிறதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தாள். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் முகம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லை. நிக்காஹ் அன்று கட்டிய சேலையின் நிறம். இல்லை. அம்மாவுக்குப் பிடித்த... அம்மா. அம்மா பெயர் என்ன?

டக் டக்.

அவளுக்குள் யாரோ சாமான்களை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. முக்கால் பங்கு இடம் வேண்டும், உள்ளே வருகிற புதியவருக்கு. அவளே இழுத்து வைத்த கோடு.

"போடா," என்றாள் அமீனா. வாழ்நாளில் அவரிடம் சொல்லாத சொல். "என் எடம்டா இது. போடா வெளியே."

ஐம்பத்தாறு.

பாதியில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் இரண்டும் போய்விடும். போகட்டும், இரண்டும் போகட்டும். வலது கை இன்னும் அவள் பேச்சைக் கேட்டது. குனிந்து, யூபிஎஸ்ஸிலிருந்து வந்த வயரைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் பிடுங்கினாள். திரை செத்தது. விசிறி ஓய்ந்தது. பனியில் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டு அடங்கியது. கடைக்குள் அமைதி.

ஐம்பத்தேழு.

சத்தம் மெஷினிலிருந்து வரவில்லை. விலா எலும்புக்குள்ளிருந்து வந்தது.

ஐம்பத்தெட்டு.

எழுந்தாள். எழவில்லை. கால் கேட்கவில்லை. கத்தினாள். வாய் திறக்கவில்லை. உள்ளே மட்டும் கத்தினாள். எழுபது. வலது கையும் போனது. எண்பது. கழுத்து. தொண்ணூறு. கருத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. அவள்தான். அவள் முக்காடு, அவள் மூக்கு. தாடை மட்டும் அசைந்தது. ஒரு பக்கமாக. மெதுவாக. எதையோ அடக்கி மெல்கிற மாதிரி.

நூறு.

அவளுக்குக் கிடைத்த இடம் மிகச் சின்னது. கண்ணுக்குப் பின்னால், திரும்பவும் முடியாத இடம். அங்கிருந்து அவள் பார்த்தாள். கை போனை எடுத்தது. யோசிக்காமல் ஒரு நம்பரை அழுத்தியது. இரண்டு ரிங் போவதற்குள் தௌபீக் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க அண்ணி."

வாய் பேசியது. குரல் அமீனாவினுடையதுதான். அதே ராகம், அதே இழுப்பு, அதே மரியாதை. யார் கேட்டாலும் அமீனாதான் என்பார்கள்.

"தம்பி, யோசிச்சுப் பார்த்தேனுங்க. இதெல்லாம் பொம்பளைக்குச் சரிப்படாது. காலையில வந்து கடையை எடுத்துக்கங்க. நான் ஊட்டோட இருந்துக்கறேன். இனி வெளிய வரலை."

அந்தப் பக்கம் அவன் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது.

"நல்ல முடிவுங்க அண்ணி. அண்ணன் இருந்திருந்தா நொம்ப சந்தோசப்பட்டிருக்கும்."

"ஆமாங்க," என்றது வாய், சிரித்துக்கொண்டே.

வைத்த பிறகும் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை. கண்ணில் மட்டும் நீர் திரண்டு இடது கன்னத்தில் ஒரு கோடாக இறங்கியது. இந்த உடம்பில் அமீனாவால் இன்னும் முடிந்தது அது ஒன்றுதான். அவள் இன்னொரு துளி திரட்டப் பார்த்தாள். கை வந்தது, நிதானமாக, மோதிர விரலால் அதையும் துடைத்துவிட்டு, ஷட்டரை இறக்க எழுந்தது.