யாருமில்லை என்று எழுதிய பக்கம்

'யாருமில்லை' என்று அவள் எழுதியிருந்த வரிக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்.

செவ்வாய். சித்தி. நாற்பது நிமிடம். தொட்டது: ஆம்.

சித்தியின் சாய்ந்த கையெழுத்து. சித்தி இறந்து ஒன்பது நாளாகிறது.

ஊரில் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போடுவது அக்காவின் வேலை. அதற்காக வீடுவீடாகக் கொடுத்த டைரி அது: யாரைப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம், தொட்டீர்களா. கிழவர்கள் ஒரு மாதிரி, பள்ளிப் பிள்ளைகள் ஒரு மாதிரி பரப்புவார்கள் என்பதால் வயதுவாரியாகக் கணக்கு. தங்கையின் வயதில் டைரியை எழுதிக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான்; கணக்கில் ஏற்றிவிட்டு அக்கா அதை அவள் மேசையிலேயே போட்டிருந்தாள். ஊரில் அவள் வயதுக்காரர்கள் இருநூறு பேருக்கும் அந்த ஒரு டைரிதான் மாதிரி என்பதால், அவளுடைய ஒரு பொய், கணக்கில் இருநூறு பேரின் பொய்.

"ஏண்டி, பதினாலு நாளா ஒருத்தர் மூஞ்சியும் பாக்கலையா? சாமியாராப் போயிட்டியா?" என்று டைரியை வாங்கிய அன்றைக்கு அக்கா சிரித்தாள்.

"பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன்க்கா."

உண்மையில், உடம்பு கொதிக்கக் கொதிக்க இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, சித்தி தருவதாகச் சொன்ன பழைய போனுக்காக ஓடியிருந்தாள். சித்தி அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, "என்ன கண்ணு, கன்னம் இப்படிச் சுடுது?" என்றாள்.

"வெயில்ல நடந்து வந்தேன் சித்தி."

சில நாளில் சித்தி அதே காய்ச்சலில் படுத்தாள்.

இப்போது அடுத்த அறையிலிருந்து அக்காவின் குரல்: "உங்க வயசுப் பசங்க பரப்பலன்னுதான் கணக்கு வருதுடி. ஹாஸ்டலையெல்லாம் தொறக்கலாம்னு எட்டு மணிக்கு ரிப்போர்ட் அனுப்பிடுவேன்."

சொல்லிவிடலாம். சொன்னால் சித்தியைக் கொன்றவள் யாரென்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். அவள் பக்கத்தைக் கிழித்துக் கசக்கினாள். மாத்திரையும் வியர்வையும் கலந்த, ஜன்னலே திறக்காத நோயாளி அறையின் வாடை டைரியிலிருந்து கிளம்பி, மெல்ல மெல்லப் போர்வையிலும் திரைச்சீலையிலும் அவள் கூந்தலிலும் ஏறியது. அடுத்த பக்கத்தில் மை ஈரமாக இருந்தது.

சித்தியைப் பார்த்தவர்: பால்காரர். ஐந்து நிமிடம். தொட்டது: ஆம்.

பால்காரரைப் பார்த்தவர்: அவர் மகள். நாள் முழுக்க. தொட்டது: ஆம்.

பக்கம் பக்கமாக. வேறுவேறு கையெழுத்து. முடியவே இல்லை.

"அக்கா..." என்று முனகினாள்.

எழுந்தாள். சொல்லிவிட வேண்டும். இப்போதே. கதவைத் திறந்தாள்.

நடையில் ஆட்கள்.

ஒருவர் பின் ஒருவராக, சத்தமில்லாமல், முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்தபடி. நெற்றியில் முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. பால்காரர். அவருக்குப் பின்னால் ஒரு சிறுமி. பிறகு அவளுக்குத் தெரியாத முகங்கள். எல்லோருக்கும் முன்னால் சித்தி. சித்தியின் கை மட்டும் நீண்டு, எந்தத் தோளும் இல்லாமல் காத்திருந்தது. அவள் தோள் உயரத்துக்கு.

வரிசையின் கடைசியில், கண்களை மூடியபடி, அக்கா.

அடுத்த அறையில், முதல்முறையாக, அக்கா இருமினாள்.