ஆணிக்கு நான்கு விரல் கீழே

படி திரும்பும் இடத்தில்தான் மோதல் நடந்தது.

மேலே ஏறியவன் தோளில் ஒரு வெள்ளைக் கால். கீழே இறங்கியவள் கையில் மடக்கிய குடை. நவம்பர் மழை ஃப்ளோரன்ஸ் நகரத்தையே இருட்டாக்கியிருந்த காலை நேரம் அது. 'டக்' என்றொரு சத்தம். பிளாஸ்டர் காலின் சுண்டுவிரல் தெறித்து, மூன்று படி தாவி இறங்கி நின்றது.

"அய்யோ, விரல் போச்சு!"

"நீங்கதான் வந்து மோதுனீங்க," என்றாள் அவள்.

"நானா? குடைய ஈட்டி மாதிரி நீட்டிக்கிட்டு வர்றது யாரு அம்மணி? சண்டைக்கா போறீங்க?"

"ரொட்டி வாங்கப் போறேன்."

"அவ்ளோ பசியா?"

"சாப்பிட இல்ல. அழிக்க."

அவன் விழித்தான். கரிக்கோட்டை ரொட்டியின் மெத்தை போன்ற உட்பகுதியால் ஒற்றி அழிப்பது மேலே இருந்த ஓவியப் பள்ளியின் வழக்கம். அதை விளக்க அவளுக்குப் பொறுமையில்லை.

"எங்க மலையில ரொட்டிய வாயாலதான் அழிப்போம்," என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். கண்கள்... மழையில் நனைந்த கல்லின் நிறம். ஒரு கணம்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. ஓர்சோலா ரின்சானி, நீதிபதி அல்தெரிகோ ரின்சானியின் ஒரே மகள். அந்த வீட்டில் தவறு செய்யாதிருக்கும் பழக்கமே உண்டு. அதனால் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவளுக்கு வரவில்லை.

ரொட்டியோடு திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடத்தின் நடுவே, மேடை நாற்காலியில், அவனே உட்கார்ந்திருந்தான்!

"வர வேண்டிய மாடல் வரல," என்று காதைக் கடித்தாள் தோழி தெல்ஃபீனா. "கால் கொண்டுவந்தவர மாஸ்டர் புடிச்சு உக்கார வச்சுட்டாரு. பேரு சில்வானோ. லூக்கா ஊருப் பக்கத்து மலைக்காரராம். நாம பாத்து வரையுற பிளாஸ்டர் உருவங்கள வார்க்குற தொழில்."

ஆசிரியர் லாந்தினி நாற்காலிக் கால்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். பிறகு அவனுடைய பாதங்களைச் சுற்றியும் போட்டார்.

"தம்பி, இருபது நிமிஷம் அசையாம இருக்கணும். அப்புறம் அஞ்சு நிமிஷம் ஓய்வு. பார்வை அந்த ஆணியில இருக்கணும். நீ உக்காந்திருக்கும்போது யாரும் உன்கிட்டப் பேச மாட்டாங்க. மணி அடிக்கிற வரைக்கும் நீயும் பேசக்கூடாது. ஒத்துக்கிட்டா படம் முடியுற வரைக்கும் வரணும். அஞ்சு வாரம்."

"வர்றேன்னு சொன்னா வருவேன் மாஸ்டர்."

எதிர்ச் சுவரில் இருந்தது அந்த ஆணி. அதற்கு நேர் கீழே, தரையில் வரைந்த இரண்டு பாத அடையாளங்களின் மேல் நின்றுதான் ஓர்சோலா வரைந்தாள். மாணவர் ஏழு பேருக்கும் அப்படி ஒவ்வோர் இடம். அடையாளத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி, ஈயக்குண்டு கட்டிய நூலைத் தூக்கிப் பிடித்து அளக்க வேண்டும். தாளுக்கு நடந்துபோய் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். வகுப்பு முழுக்க இந்த நடைதான்.

"மூக்க வரையாதீங்க," என்பார் லாந்தினி. "மூக்கோட நிழல வரைங்க. தெரிஞ்சத வரையாதீங்க. பார்த்தத வரைங்க."

பார்த்தாள்... தினமும் மூன்று மணி நேரம். ஒரு கண்ணியமான வீட்டுப் பெண் ஓர் ஆண்மகனை அப்படிப் பார்ப்பது வேறு எந்த இடத்திலும் நடக்காது. இங்கே அதற்குப் படிப்பு என்று பெயர்.

ஓய்வு நேரங்களில் அவன் அடுப்பருகே வந்து கைகளைச் சூடேற்றிக்கொள்வான்.

"என் மூக்கு எப்படி வந்திருக்கு அம்மணி?"

"கொஞ்சம் கோணல்."

"படத்துலயா?"

"படம் சரியா இருக்கு."

அவன் வாய்விட்டுச் சிரிப்பான். அவளோ உதட்டைக் கடித்துக்கொண்டு ரொட்டியைப் பிசைவாள். 'இதென்ன, காலையில் எழுந்ததும் இவன் சிரிப்புத்தான் ஞாபகத்துக்கு வருகிறது...' என்று தன் மேலேயே எரிச்சல் படுவாள்.

இரண்டாவது வாரம் தெல்ஃபீனா பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள்.

"ஏண்டி, என் தாள்ல அவரு எங்கேயோ ஓரமாப் பாக்குறாரு. எல்லார் தாள்லயும் அப்படித்தான். உன் தாள்ல மட்டும் நேரா உன்னையே பாக்குறாரே?"

"மாடல் ஆணியத்தான் பாப்பாரு."

"ஆணிக்கு இவ்ளோ அழகான முகமா? நூல வச்சு அளந்து பாருடி. பார்வை நாலு விரல் கீழ இறங்கியிருக்கு."

அளக்க வேண்டியதே இல்லை. ஓர்சோலாவுக்கு முதல் நாளே தெரியும். நூலைப் பிடித்த கை அன்றிலிருந்தே நடுங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வாரச் சனிக்கிழமை, மாணவர்களின் வீட்டார் வந்து வேலையைப் பார்க்கும் நாள். சில்வானோ தன் மேலங்கியை எடுக்க உள் அறைக்குப் போயிருந்தான். நீதிபதி ரின்சானி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏழு தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பது வருடம் சாட்சிகளை விசாரித்த கண்கள் அவை. வரைந்த ஏழு பேரும் ஒவ்வொரு மூலையில் நின்றவர்கள். அவர்கள் தாள்களில் அந்த இளைஞனின் பார்வையோ ஒரே இடத்துக்குப் போயிற்று. அவர் அந்தத் திசையில் நடந்தார். தரையில் இரண்டு பாத அடையாளம். பக்கத்தில் மகளின் பெயர்.

அவர் அதன்மேல் ஏறி நின்றார். காலி நாற்காலியை வெகுநேரம் பார்த்தார்.

"ஓர்சோலா, இந்தப் பையன் உனக்கு யாரு?"

ஓர்சோலா அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பெயர், அந்த வீடு, சாப்பாட்டு மேசையில் நிமிர்ந்தே உட்காரும் அந்த முதுகு... 'என்னால் இவர் குனிய வேண்டுமா?'

"யாருமில்லப்பா. பிளாஸ்டர் தூக்குறவரு," என்றாள். பதற்றத்தில் இன்னும் ஒன்று சேர்த்துச் சொன்னாள். "ஒரு மண்குடத்த எப்படிப் பாப்பேனோ, அப்படித்தான் இவரையும் பாக்குறேன்."

உள் அறைக் கதவு திறந்திருந்தது. மேலங்கியின் ஒரு கையை மாட்டியபடி சில்வானோ நின்றிருந்தான். மற்றக் கையை மெதுவாக மாட்டினான். எல்லாப் பொத்தான்களையும் போட்டான். நீதிபதிக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

திங்கட்கிழமை சரியான நேரத்துக்கு வந்தான்.

"மாஸ்டர், அர்ஜென்டினாவுல, புவெனஸ் அயர்ஸ்ல மாமாவோட பட்டறை இருக்கு. ஒரு வருஷமாக் கூப்பிடுறாரு. மூணு வருஷ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு நேத்தே அனுப்பிட்டேன். பதினெட்டாம் தேதி ஜெனோவாவுல கப்பல். பதினேழு வரைக்கும் வந்து உக்காருவேன். சொன்ன சொல்லு மாறாது."

உட்கார்ந்தான். பாதங்கள் கோட்டுக்குள் இருந்தன. தோள் பழைய தோள், கழுத்துப் பழைய கழுத்து. பார்வை மட்டும் ஆணியில். நூல் பிடித்தாற்போல் ஆணியிலேயே இருந்தது.

"மாடல் கண்ணு மாறிடுச்சு," என்று முணுமுணுத்தார்கள் மாணவர்கள்.

"மாறல. இப்பதான் சரியான இடத்துக்கு வந்திருக்கு," என்றார் லாந்தினி. ஓர்சோலாவின் தாள் முன்னால் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "உன் தாள்ல இருக்குற கண்ணு இப்ப அந்த நாற்காலியில இல்லம்மா. என்ன செய்யப் போற?"

பழைய கண்களை அப்படியே விட்டுவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அது பார்த்ததை வரைவது ஆகாது. ஏற்கெனவே ஒரு பொய் சொன்னவள். இன்னொன்றைத் தாளில் எழுத மனம் வரவில்லை.

ரொட்டியைப் பிசைந்து உருட்டினாள். ஒற்றினாள்... முதலில் இமை போயிற்று. பிறகு அந்த ஈர வெளிச்சம். தன்னை மட்டுமே பார்த்த இரண்டு கண்களைத் தன் கையாலேயே எடுத்துவிட்டாள். அழிந்த இடத்தில் யாரையும் பார்க்காத இரண்டு கண்களைப் பத்து நாள் வரைந்தாள். அவள் இதுவரை வரைந்ததிலேயே அதுதான் பிழையில்லாத வேலை என்றார் ஆசிரியர். அன்று மாலை கைக்குட்டையை வாயில் அடக்கிக்கொண்டு அழுதாள்.

அடுப்பருகே அவன் இப்போது வருவதில்லை. ஒருமுறை அவன் நின்ற ஜன்னலோரம் அவளே போனாள்.

"மழை விட மாட்டேங்குதுல்ல..."

"ஆமாங்க."

'அம்மணி' இல்லை. மரியாதைக்குக் குறைவில்லாத ஒரு 'ங்க' மட்டும். மன்னிப்பு அவள் நாக்கின் நுனி வரை வந்து நின்றது. பழக்கமில்லாத வார்த்தை... வெளியே வரவில்லை. மணி அடித்துவிட்டது.

பதினேழாம் தேதி. கடைசி இருபது நிமிடம்.

மகளைப் படப்பலகையோடு அழைத்துப்போக வந்த நீதிபதி, தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலோரம் நின்றிருந்தார். அடுப்பின் சடசடப்பும் கரித்துண்டுகளின் உரசலும் தவிரச் சத்தமில்லை. ஓர்சோலா கரியைக் கீழே வைத்தாள். நிமிர்ந்தாள்.

"மாடல்கிட்டப் பேசக்கூடாதுன்னு தெரியும் மாஸ்டர். மன்னிச்சுடுங்க."

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் முறை. மற்ற ஆறு நூல்களும் தாழ்ந்தன.

"நீங்க அசைய முடியாது, பதில் சொல்ல முடியாது. எழுந்து போகவும் முடியாது. அதனாலதான் இப்ப சொல்றேன். அன்னிக்கு நான் சொன்னது பொய். மண்குடத்தப் பாத்தா எனக்குத் தூக்கம் கெடாது. இந்த மாடிப்படிய ஏறும்போது நெஞ்சு அடிச்சுக்காது. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. எங்க அப்பா கேக்கட்டும்னுதான் சத்தமாச் சொல்றேன்... பிடிச்சிருக்கு."

சில்வானோ அசையவில்லை. கொடுத்த சொல் அவனை நாற்காலியோடு கட்டியிருந்தது. பார்வை ஆணியிலேயே நின்றது. இன்னும் ஏழு நிமிடம்.

நீதிபதி மெல்ல மகளின் பக்கத்தில் வந்தார்.

"அன்னிக்கு நான் ஒரு கேள்விதாம்மா கேட்டேன்," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "வேண்டாம்னு எப்பச் சொன்னேன்?"

ஓர்சோலா அவர் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கி எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. யாரும் போடாத தடைக்குப் பயந்து... எதைக் காப்பாற்ற எதை விட்டாள்! பொய்யால் காக்க வேண்டிய நிலையில் ரின்சானி வீட்டு மானம் ஒருநாளும் இருந்ததில்லை. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாமல் போயிற்றே.

மணி அடித்தது.

யாரும் நகரவில்லை. நீதிபதிதான் முதலில் மேடைக்குப் போனார். தலை குனிந்தார்.

"தம்பி, என் பொண்ணு உன்ன அவமதிச்சா. என் காதுக்காகச் சொன்ன பொய் அது. அதுல எனக்கும் பங்கு உண்டு. மன்னிச்சுக்க."

"நீங்க குனியாதீங்க ஐயா." சில்வானோ எழுந்தான். மரத்துப்போன கால் தடுமாறிற்று. "நான் நாளைக்குப் போயாகணும். மாமா என் கையெழுத்த நம்பி வேற ஆளையே வைக்க மாட்டாரு. பிளாஸ்டர் தூக்குறவன் வீட்டுலயும் சொன்ன சொல்லுக்கு விலை உண்டு."

"அத மாத்திக்கோன்னு நான் சொன்னா, நான் நீதிபதியா இருந்ததுக்கே அர்த்தமில்ல," என்றார் அவர்.

சில்வானோ மேலங்கியை எடுத்துக்கொண்டு ஓர்சோலாவின் முன்னால் வந்து நின்றான். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவளைப் பார்த்தான்.

"அம்மணி, நானும் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க சொன்னது பொய்னு எனக்கு அப்பவே தெரியும். உங்க கை நடுங்குனதப் பாத்தேன். தெரிஞ்சேதான் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன்... ரோஷம். மறுநாள் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். கேக்கல. உங்க மேல அவ்ளோ ஆசை வச்சிருந்தேன், அதான் அவ்ளோ கோபம் வந்துச்சு. இப்பவும் அந்த ஆசையோடதான் போறேன்."