நீர் அடங்கும் வரை

ஐந்து மணிக்குள் இக்னேஷியஸின் கை நடுக்கம் நிற்க வேண்டும். மணி நாலு பத்து.

சாப்பாட்டு மேசையில் போன் கிடந்தது. அதன் நீர்த்திரையின் அடியில் இரண்டு துளிகள் மங்கலாகத் தெரிந்தன. ஒன்றில் 'கருவியில் குறை இல்லை', மற்றதில் 'கருவியில் குறை உண்டு'. அவன் விரல் பட்டதும் திரை முழுக்க அலை எழும்பியது. துளிகள் இரண்டும் கலங்கி மறைந்தன.

"மறுபடியுமா?" என்றாள் பிரிசில்லா. இறந்துபோன அவன் மனைவி அக்ஸீலியாவின் தங்கை. முப்பதாம் நாள் பூசைக்காகத் தூத்துக்குடிக்கு வந்திருந்தாள். "ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தா வாங்க மாட்டாங்களாமா அத்தான்?"

"மாட்டாங்க. என் விரல் ரேகையோட இதுலதான் பதியணும். அஞ்சு மணிக்குள்ள பதியலன்னா குறை இல்லைன்னு எடுத்துக்குவாங்க. அக்கா சாவு ஃபைலை மூடிருவாங்க."

"குறை உண்டுன்னு பதிஞ்சா?"

"அலை அடங்குனாத்தான் துளி எழும்ங்கிற விதிய எல்லாப் போன்லயும் எடுத்துரணும்."

"நல்ல சட்டம். எந்த மவராசன் வச்சது?"

சட்டத்தை வைத்தது விசாரணை மன்றம். தண்ணீரை வைத்தது அவன்.

ஆறு வருடங்களுக்கு முன்புவரை போனில் பொத்தான்கள் தட்டையாக, கட்டம் கட்டமாகக் கிடந்தன. இக்னேஷியஸ் அந்தக் கட்டங்களைக் கரைத்துத் திரைக்குள் ஒரு குளத்தை வைத்தான். வேண்டியதைத் தொட்டால் அது அடியிலிருந்து ஒரு துளியாக மிதந்து மேலே வரும்; அதை அமுக்கினால் வேலை நடக்கும். ஒரே ஒரு சங்கடம்தான். தண்ணீர் அலையும்போது மேலே வரும் துளியின் விளிம்பு பிசிறடித்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் ஒரு வரி விதி எழுதினான்: அலை அடங்கிய பிறகே துளி எழ வேண்டும்.

சோதனைப் பிரிவில் இருந்த நாச்சியப்பன் அன்றைக்கே கேட்டான். "சார், கை நடுங்குறவங்க என்ன செய்வாங்க?"

"நடுங்காமத் தொடக் கத்துக்குவாங்க" என்றான் இக்னேஷியஸ். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நாச்சியப்பனும் சிரித்தான்.

அதிசயம் என்னவென்றால், கற்றுக்கொண்டார்கள். பேருந்தில் ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைத் தொட்டார்கள். பள்ளிக்கூடங்களில் தொடுகை வகுப்பு வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் போனைப் பார்த்து, "தம்பி கையில தண்ணி அலையவே இல்லையே" என்று மெச்சினார்கள். கோபத்தில் எழுதிய செய்தியை அனுப்ப முடியாமல், ஆறிய பிறகு அழித்துவிட்டுச் சமாதானமானவர்கள் ஏராளம். ஒரு சாதனம் ஊரையே சாந்தப்படுத்திவிட்டது என்று இக்னேஷியஸுக்கு மாலை போட்டார்கள்.

அக்ஸீலியா மட்டும் மசியவில்லை. உப்பளங்களில் உப்பின் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின். அவளிடம் பழைய மொட்டைத் திரை போன் ஒன்று இருந்தது. அதில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பாக ஓர் அவசரப் பொத்தானை அவளே வைத்திருந்தாள். அமுக்கினால் ஆம்புலன்ஸுக்கும் அவனுக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு போகும்.

"ஏங்க, உங்க குளத்துல எப்ப தண்ணி தெளிஞ்சு, எப்ப நான் லீவு லெட்டர் அனுப்ப?" என்பாள். "கொக்குக்கு வேணா சரிப்படும்."

"என்ன அத்தான், என்னத்தையோ யோசிச்சுக்கிட்டு இருக்கீய?" பிரிசில்லா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "கைய மேசையில வைங்க. நான் அமுக்கிப் பிடிக்கேன்."

பிடித்தாள். விரல் நுனி தனியாக ஆடியது. அலை எழும்பியது. மணி நாலரை.

இறந்த அன்று அக்ஸீலியா உப்பளத்தில் தனியாகத்தான் இருந்தாள். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மிட்டாய் வைத்திருந்த பை, அரை மைல் தள்ளிக் கொட்டகையில். சர்க்கரை இறங்கியது. சர்க்கரை இறங்கினால் முதலில் நடுங்குவது கை.

அவள் போனின் தொடுகைப் பதிவு விசாரணைக்காக அவனிடமே வந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவன் அவன்தான். ஆறு நிமிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு தொடுகைகள். ஒவ்வொன்றும் ஓர் அலை. நாலாவது நிமிடத்தில், ஆம்புலன்ஸைக் கூப்பிடும் அபயத் துளி பாதி எழுந்தது. அவள் அவசரமாகத் தொட்டாள், மூழ்கிவிட்டது. அதன் பிறகு தொடுகைகள் தள்ளித் தள்ளி வந்தன. பிறகு வரவில்லை. தண்ணீர் மெல்ல அடங்கியது. அபயத் துளி முழுதாக மேலே வந்தது. விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. பதினோரு நிமிடம், யாரும் தொடாமல், அது அங்கேயே மிதந்தது.

"பிரிசில்லா" என்றான். "அக்காவோட பழைய போனு பீரோவுல இருக்கு."

"இருக்கட்டும். அதுக்கென்ன?"

"அவளே போனை மாத்திக்கிட்டான்னு உங்க அம்மாகிட்ட சொன்னேன்ல. இல்ல. நான்தான் பழச அவகிட்ட இருந்து வாங்கி உள்ள வச்சேன். பேட்டி எடுக்க வீட்டுக்கு ஆள் வர்றதா இருந்துச்சு. செஞ்சவன் வீட்டுலயே மொட்டைத் திரையான்னு கேட்டுருவாங்களேன்னு... ஒரு வாரத்துக்குத்தான்னேன். பேட்டி முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. அவ ரெண்டு தடவ கேட்டா. நாளைக்குத் தாரேன்னேன்."

பிரிசில்லா பிடித்திருந்த மணிக்கட்டை விட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றுமில்லாமல் நின்றாள். திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது.

"அத அமுக்குங்க" என்றாள். "அமுக்காம இந்த மேசைய விட்டு எந்திரிக்கக் கூடாது."

மணி நாலு ஐம்பது. ஜெபம் சொல்லிப் பார்த்தான். மூச்சை அடக்கிப் பார்த்தான். கண்ணை மூடினால் இருநூற்றுப் பன்னிரண்டும் ஒவ்வொன்றாக வந்தன. அவளை நினைக்கும்வரை தண்ணீர் அடங்காது. அவளை நினைக்காவிட்டால் எதற்கு அமுக்குவது?

நாலு ஐம்பத்தாறுக்கு அவன் கண்ணில் ஒன்று பட்டது. ஜன்னல் இடது பக்கம் இருந்தது. அலையின் மேல் மினுக்கமோ வலது பக்கம் விழுந்தது. ஒளி வரும் திசையைத் திரை தப்பாகக் கணக்கிடுகிறது. இத்தனை வருடம் எப்படிக் கவனிக்காமல் விட்டோம்? கோணத்தைத் திருப்பிவிட்டால் போதும். கொஞ்சம் மஞ்சளும் சேர்க்கலாம், சாயங்கால வெயில் மாதிரி. அப்போது துளியின் அடியில் ஒரு சின்ன நிழல் விழும், விழுந்தால்...

தண்ணீர் அடங்கியிருந்தது.

'குறை உண்டு' மேலே வந்தது. மினுக்கம் தப்பான பக்கத்தில் இருந்தாலும் அழகாக இருந்தது. அமுக்கினான்.

'தெளிந்த மனத்துடன் பதிவு செய்தமைக்கு நன்றி' என்றது திரை. அந்த வாசகமும் அவன் எழுதியதுதான்.

"போயிருச்சா?" என்றாள் பிரிசில்லா.

"போயிருச்சு."

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசியில என்னத்த நெனச்சீய அத்தான்? அக்காவையா?"

இக்னேஷியஸ் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அது மறுபடி நடுங்கும் என்று காத்திருந்தான். வெகுநேரம் காத்திருந்தான்.