ஐம்பதில் நின்ற ஊசி

சொட்!

தர்சனாவின் கன்னத்தில் ஒரு துளி விழுந்தது.

காருக்கு அடியில், கராஜ் குழிக்குள் நின்றவளுக்கு அது புதிதா என்ன? முகத்தில் ஒயில் படாத நாளில் அவளுக்குச் சோறே இறங்காது! புறங்கையால் துடைத்தாள்.

கை சிவப்பாக இருந்தது.

திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தாள். இஞ்சின் இருப்பது முன்னுக்கு. துளி விழுந்ததோ பின்னுக்கு... டிக்கியின் துருப்பிடித்த ஓட்டையிலிருந்து!

சொட்... சொட்...

"என்ன பிழை எண்டு கண்டுபிடிச்சிட்டீரோ?" மேலே இருந்து குரல்.

நிலக்ஷன். கனடாவிலிருந்து வந்து மூன்று கிழமை. மடத்துவெளியில் தனியாக இருக்கும் பரமலிங்கத்தாரின் தங்கை மகன். கார் பரமலிங்கத்தாருடையது. கூடப்பிறந்த தம்பி கேட்டாலும் கார்த் திறப்பைக் கொடுக்காத மனிதர் அவர்!

அப்படிப்பட்ட காரை இவன் தனியே ஓட்டி வந்து, "ஒயில் பிறஷர் காட்டிற ஊசி பூச்சியத்துக்கு விழுந்திட்டுது, கெதியாப் பாரும்" என்றபோதே அவளுக்கு உறுத்தியது. "ஐயா எங்க?" என்று கேட்டாள். "யாழ்ப்பாணத்தில நிக்கிறார்" என்றான்.

டொக்... டொக்...

தர்சனா மூச்சைப் பிடித்தாள். பிறஷர் இறங்கிய இஞ்சின் இப்படித்தான் தட்டும். ஆனால் இஞ்சினை நிறுத்தி அரை மணி நேரம் ஆகிறதே!

தட்டுவது இஞ்சின் இல்லை. டிக்கிக்குள் இருக்கும் ஆள்!

ஐயோ, பரமலிங்கம் ஐயா! உயிரோடு!

சட்டென்று ஆணி கழற்றும் சாவியால் காரின் அடிச்சட்டத்தில் தட்டினாள். டொக், டொக், டொக். அவன் காதில் மற்றச் சத்தம் விழக்கூடாது.

"என்ன தட்டுறீர்?"

"ஆ... ஆணி இறுகிக் கிடக்குது."

நிலக்ஷன் குழிப் படியில் குனிந்து பார்த்தான்.

"கையில என்ன?"

"ஒயில்."

"சிவப்பு ஒயிலோ?"

அவ்வளவுதான். இடுப்பிலிருந்து கத்தி வெளியே வந்தது. முழ நீளம்!

குழிக்கு ஒரே ஒரு படி. அதில் அவன். இரண்டு பக்கமும் சீமெந்துச் சுவர். தலைக்கு மேலே கார். எலிப்பொறிக்குள் எலி கூட இதைவிட வசதியாக இருக்கும்!

"காணியை என்ர பேரில எழுதித் தாங்கோ எண்டு கெஞ்சினனான். கிழவன் கேக்கேல்லை. தலையில ஒண்டு போட்டன். முடிஞ்சுது." அவன் குரல் நடுங்கியது. "நீர் காரைத் திருத்தும். ஊசி ஏறினா உம்மை விட்டிடுவன்."

நம்புவதற்கு அவள் என்ன பச்சைப்பிள்ளையா? ஊசி ஏறும்வரைதான் அவளுக்கு உயிர். ஏறாவிட்டால் இப்போதே இல்லை. கிழவர் செத்துவிட்டார் என்று இவன் நினைத்திருக்கும்வரைதான் அவருக்கும் உயிர்!

"ஒயில் குறைஞ்சிட்டுதோ?" என்றான்.

"இல்லை. கூடிப்போச்சு."

"என்ன பகிடியோ? கூடினா பிறஷரும் கூட வேணுமெல்லோ!"

"கூடினது ஒயில் இல்லை. மண்ணெண்ணெய்! குழிக்க இறங்க முன்னம் அளவுக் கம்பியை இழுத்துப் பாத்தனான். கோட்டுக்கு மேல நிக்குது. மணந்தா அடுப்பு மணம்."

"ஒயிலுக்க மண்ணெண்ணெய் எப்பிடி வந்தது?"

"சண்டைக் காலத்தில பெற்றோல் இல்லாமப் பழகின பழக்கம். ஐயா இண்டைக்கும் விடேல்லை. கொஞ்சப் பெற்றோலில இஞ்சினை எழுப்பிப்போட்டு, மண்ணெண்ணெயில ஓடுவார். எரியாதது கீழ இறங்கி ஒயிலைக் கஞ்சித் தண்ணியாக்கிப் போட்டுது. தண்ணி ஒயிலுக்குப் பிறஷர் நிக்காது. மாத்தினா ஊசி ஏறும்."

"கஞ்சப் பிசினாறி!" நிலக்ஷன் பல்லைக் கடித்தான். "மாத்தும். வெளிய வரப்படாது. மேலால நானே ஊத்துறன்."

பழைய ஒயில் வடிந்தது. தர்சனா ஆணியைப் பூட்டினாள். புது ஒயிலை அவன் ஊற்றினான். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி இஞ்சினை எழுப்பினான். படி காருக்கு முன்னால். தலையை நீட்டினால் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிடுவான்.

"ஊசி எத்தினை?" கீழே இருந்து கத்தினாள்.

"முப்பது... நாப்பது... ஐம்பது! ஐம்பது!"

இப்போது!

இஞ்சினிலிருந்து ஊசிக்குப் போவது ஒரு மெல்லிய செப்புக் குழாய். அதில் ஏறும் அழுத்தம்தான் ஊசியைத் தூக்குவது. தர்சனா குறட்டால் ஒரே கடி! குழாய் நசுங்கியது. ஏறின அழுத்தம் உள்ளே அடைபட்டது. இனி இஞ்சின் செத்தாலும் ஊசி ஐம்பதுதான்.

அடுத்து, ஒயில் வடிக்கும் ஆணி. அதை ஒரு மரை மட்டும் பிடித்திருக்கும்படி கழற்றிவிட்டாள்.

திடீரென்று அமைதி.

பாவி, இஞ்சினை நிறுத்திவிட்டான்!

நின்ற இஞ்சினில் ஊசி பூச்சியத்துக்கு விழ வேண்டும். விழாதே! பார்த்தால் சின்னப்பிள்ளைக்கும் விளங்குமே!

"ஏய்!"

தர்சனா குறட்டை இறுகப் பிடித்தாள்.

"இஞ்சினை நிப்பாட்டியும் ஊசி ஐம்பதிலயே நிக்குது..." ஊசியின் கண்ணாடியில் விரலால் தட்டும் சத்தம் கேட்டது. "நீர் கெட்டிக்காரி!"

அப்பாடா! கடவுள் சில பேருக்குக் கத்தியைக் கொடுத்தால் மூளையைக் கொடுப்பதில்லை.

"ஏறி வாரும். நீரும் என்னோட வாறீர்."

"கையைக் கழுவிப்போட்டு வாறனே..."

"கெதியா!"

சவர்க்காரம் போட்டு விரல் விரலாகக் கழுவினாள். அவன் கத்தும்வரை கழுவினாள். நயினாதீவுப் படகில் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு குறிகாட்டுவான் துறையிலிருந்து பாலத்தால் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸின் ஹோர்ன் தூரத்தில் கேட்ட பிறகுதான் காரில் ஏறினாள்.

கார் தீவை விட்டு வெளியே போகும் பாலத்துத் தெருவில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல். எங்கோ ஆணி கழன்று விழுந்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில்... டக டக டக!

"என்ன சத்தம்?"

"றோட்டுப் பள்ளம்."

"ஊசி ஐம்பதில நிக்குது."

"பிறகென்ன? ஓட்டுங்கோ."

கிறீ...ச்! கார் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. நட்டநடுக் கடல்! முன்மூடியிலிருந்து புகை.

நிலக்ஷன் திறப்பைத் திருகினான். ஒரு அசைவும் இல்லை. "ஐம்பதில நிக்குதேயடி!"

"ஓம். அது இனி எப்பவும் அப்பிடித்தான் நிக்கும்."

விளங்கிவிட்டது. அவன் கண்கள் சிவந்தன. கத்தி அவள் கழுத்தில் பட்டது. தர்சனா கண்ணை மூடினாள். அம்மா தாயே... பஸ் எங்கே?

பாம்! பாம்!

"மூச்சு விட்டாக் குத்துவன்! பஸ் விலத்திப் போகட்டும்."

"போகாது" என்றாள் தர்சனா.

ஒன்பதாம் வயதில் ஊரை விட்டவனுக்கு அது எப்படித் தெரியும்? இந்த ஒடுங்கின தெருவில் ஒரு கார் நின்றால் பஸ் விலத்தாது. பஸ்ஸே இறங்கித் தள்ளும்!

கொண்டக்டர் விசிலடித்தார். வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், சேலையைச் செருகியவர்கள் என்று நாற்பது பேர் திமுதிமுவென்று இறங்கினார்கள்.

"பரமலிங்கத்தாரின்ர காரெல்லே?"

"தள்ளுங்கோடாப்பா!"

யன்னல் இரண்டிலும் தலைகள். நிலக்ஷன் கத்தியை ஒளித்தான். தர்சனா கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் விழுந்தாள்.

"டிக்கியைத் திறவுங்கோ! ஐயா உள்ளுக்கை! இவன் கத்தி வைச்சிருக்கிறான்!"

நிலக்ஷன் பாய்ந்தான். தெருவின் இரு பக்கமும் ஆட்கள். கடலில் குதித்தான். முழங்கால் அளவு தண்ணீர், முழங்கால் அளவு சேறு! நீந்தவும் ஏலாது, ஓடவும் ஏலாது. நாலு பேர் போய்க் கோழியைப் பிடிப்பதுபோலப் பிடித்து வந்தார்கள்.

டிக்கி திறந்தது. பரமலிங்கத்தாரைத் தூக்கி இருத்தினார்கள். தலையில் காயம். கண் திறந்தது. தர்சனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"இஞ்சின் ஏன் புகையுது?" என்றார்.

"இறுகிப் போச்சுது ஐயா. உங்களைக் காப்பாத்த ஒயிலைக் கழட்டி விட்டனான்..."

கிழவர் புகையையே பார்த்தார். கொண்டக்டர் நிலக்ஷனை இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினார்.

"பயப்பிடாமச் சொல்லுங்கோ ஐயா. பொலிசுக்கு அடிச்சாச்சு. கொலைகாரன் ஆர்? கையைக் காட்டுங்கோ!"

கிழவரின் விரல் மெல்ல உயர்ந்தது. நிலக்ஷனிடம் வந்தது. நிற்காமல் தாண்டியது. தர்சனாவுக்கு நேரே வந்து நின்றது!

"மருமகன் என்ர மண்டையைத்தான் உடைச்சவன். அது ரெண்டு கிழமையில ஆறிடும்... இஞ்சினைக் கொலை செய்தவள் உவள்! உவளைப் பிடியுங்கோ!"