வளைவில் கையை விட்ட அகஸ்டினா

யூஜின் மதியத்திலிருந்து ஒரே கோட்டை வரைவதும் ரப்பரால் அழிப்பதுமாக இருந்தான். இன்னும் கொஞ்சம் அழித்தால் தாள் கிழிந்துவிடும். அவன் தங்கை அகஸ்டினா எதிரில் உட்கார்ந்து, கொய்யாப்பழம் தின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அகஸ்டினாவுக்குப் பதினோரு வயது. கணக்கில் அவள் ஒன்றும் சூரப்புலி இல்லை. ஆனால் எந்த விஷயமானாலும் "எங்கிட்ட சொல்லு, பாத்துக்கலாம்" என்பாள். சொல்லாவிட்டாலும் விடமாட்டாள்.

"என்னண்ணே, ஒரு கோடு போட இவ்ளோ நேரமா?"

"உனக்குப் புரியாது, போ."

"புரியலன்னா போறேன். மொதல்ல சொல்லு."

யூஜின் பிரெஞ்சுப் பள்ளியில் பெரிய வகுப்பு மாணவன். தங்கையிடம் பாடத்தைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைச்சல்தான். ஆனாலும் யாரிடமாவது சொல்லிப் புலம்பவேண்டும்போல் இருந்தது. தாளை அவள் பக்கம் நகர்த்தினான்.

அதில் ஒரு வளைகோடு இருந்தது. கீழிருந்து ஏறி, நடுவில் கொஞ்சம் படுத்து, மறுபடி எதிர்ப்பக்கமாக வளைந்து மேலே போனது. அதன்மேல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் வளைவைத் தொட்டுப் போகும் நேர்கோட்டை வரையவேண்டும். அதற்குத் தொடுகோடு என்று பெயர். அது எவ்வளவு சாய்வாக இருக்கவேண்டும் என்று சொல்லும் எண்ணுக்கு வகைக்கெழு என்று பெயர். யூஜின் அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டான். மூன்று. பக்கவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்தால் மேலே மூன்று கட்டம் ஏறவேண்டும்.

"அதான் கண்டுபுடிச்சிட்டியே. போடு."

"போட்டா, அது கீழ போயி இதே வளைவ இன்னொரு எடத்துல வெட்டுது பாரு. தொடுகோடு ஒரே எடத்துலதான் தொடணும். சின்ன வகுப்புலயே படிச்சிருக்கேன். கூடப் படிக்கிற அமலநாதன்கிட்ட கேட்டேன். அவனும் தப்புன்னுட்டான். விடைய மாத்துன்னு சொல்றான்."

மறுநாள் காலை கணக்கு ஆசிரியர் அவனைப் பலகைக்குக் கூப்பிடுவார். பையன்கள் அவரை முசியே என்று அழைப்பார்கள். "இந்தக் கணக்கும் தப்பானால் என் வகுப்பில் உனக்கு இடமில்லை" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியாகிவிட்டது. அப்பா கிறிஸ்துதாஸ் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார். வகுப்பில் இடமில்லை என்றால் அடுத்த கப்பலில் சைகோன். அங்கே சித்தப்பாவின் ஆபீசில் குமாஸ்தா வேலை ஒன்று காலியாக இருக்கிறதாம்.

சைகோன் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தது. போனவர்கள் வருஷக்கணக்கில் திரும்புவதில்லை. அண்ணன் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள் அகஸ்டினா. மிச்சக் கொய்யாப்பழத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் உட்கார்ந்து அழுவது அவளுக்குப் பழக்கமில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா ஆபீசிலிருந்து புஷ்வண்டியில் வந்து இறங்கினார்.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் புஷ்வண்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு கம்பி இருக்கும். அதைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். வண்டிக்காரர் பின்னால் நின்று தள்ளுவார். போகிற வழியைப் பார்த்துக்கொள்வது உட்கார்ந்திருப்பவர் பொறுப்பு.

"அப்பா, அண்ணனுக்குக் கொஞ்சம் கடக்காத்து பட்டா மூள வேல செய்யும். வண்டில ஒரு சுத்து போயிட்டு வரோம்" என்றாள் அகஸ்டினா. அப்பா யூஜினின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கம்பியை அகஸ்டினா பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் யூஜின் தாளை வெறித்தபடி உட்கார்ந்தான். வண்டிக்காரர் பக்கிரி தலையைக் குனிந்துகொண்டு தள்ளினார்.

மீனவர்கள் குடியிருக்கும் வைத்திக்குப்பத்தை நெருங்கியதும் மணல் பாதை இடப்பக்கம் வளைந்து, உடனே வலப்பக்கம் திரும்பும். முதல் வளைவில் அகஸ்டினா அண்ணனுக்குத் தைரியம் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு கையையும் ஆட்டாமல் அவளுக்குப் பேச வராது. கம்பியை விட்டுவிட்டாள்.

வண்டி வளையவில்லை. பாதையை விட்டு இறங்கி, மணலில் நேராக ஓடி, காயப்போட்டிருந்த நெத்திலிமேல் ஏறி இறங்கி, மறுபடி அதே பாதையில் வந்து நின்றது.

"பாப்பா, கம்பி எதுக்கு இருக்குது?" என்றார் பக்கிரி, மூச்சு வாங்கியபடி.

நெத்திலிக்குச் சொந்தக்காரி கன்னியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். "அவ்ளோ பெரிய பாதை இருக்கும்போது, எம் மீன் மேலதான் வண்டி ஓட்டணுமா?"

"எம்மேலதான் தப்புக்கா. கைய விட்டுட்டேன். நாங்களே பொறுக்கித் தந்துடறோம்" என்று அகஸ்டினா கீழே குந்தினாள். யூஜினும் குந்தினான். இருவரும் மீனை ஒவ்வொன்றாக எடுத்து, மணலைத் தட்டிப் பாயில் பரப்பினார்கள்.

பொறுக்கிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து சக்கரத் தடத்தைப் பார்த்தாள். பிறகு பாதையைப் பார்த்தாள்.

"அண்ணே, இங்க வாயேன். நான் கைய விட்டது அந்த வளைவுல. அப்ப வண்டி எந்தப் பக்கம் பாத்துச்சோ, அந்தப் பக்கமே நேரா வந்துருக்குது."

"ஆமா. அதுதான் அந்த எடத்துத் தொடுகோடு" என்றான் யூஜின், மீனை உதறியபடி.

"அந்தத் தடம் இங்க வந்து மறுபடியும் பாதைய வெட்டுது பாத்தியா?"

யூஜின் நெத்திலியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான்.

"இங்க வெட்டுனதால, அங்க நான் கைய விட்டது பொய்யாயிடுமா?" என்று கேட்டாள் அகஸ்டினா.

"ஆவாது. ஆனா, ஒரே எடத்துலதான் தொடணும்னு…"

"எதுக்கு அப்பிடிச் சொல்லிக்குடுத்தாங்க?"

"வட்டத்துக்கு."

"இது வட்டமா?"

யூஜின் பாதையைத் திரும்பிப் பார்த்தான். வட்டம் எப்போதும் ஒரே பக்கமாக வளையும். அதைத் தொட்டுவிட்டு விலகிய கோடு திரும்ப அதைச் சந்திக்க வழியே இல்லை. இந்தப் பாதை பாதியில் மனம் மாறி எதிர்ப்பக்கம் திரும்பியது. அவன் தாளில் இருந்த வளைவும் அப்படித்தான். கோட்டின்மேல் ஒரு குற்றமும் இல்லை. வளைவுதான் திரும்பி வந்து குறுக்கே நின்றது.

"அப்ப என் மூணு சரிதான்" என்றான் மெதுவாக.

"தடத்தப் பாத்தது போதும். அந்த ஓரத்துல கெடக்கறத யாரு பொறுக்கறது?" என்றாள் கன்னியம்மாள். யூஜின் சிரித்துக்கொண்டே ஓடிப்போய்ப் பொறுக்கினான்.

மறுநாள் மதியம் அகஸ்டினா வாசலிலேயே நின்றாள். அண்ணன் நடந்து வந்த வேகத்திலேயே பாதி தெரிந்துவிட்டது. மீதியைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவனே சொன்னான்.

"கோட்டப் பலக கடைசி வரைக்கும் இழுத்துட்டேன். அமலநாதன் வேணாம் வேணாம்னு தலையாட்டுறான். முசியே அந்த ரெண்டாவது எடத்தக் காட்டி, 'இங்கே வெட்டுகிறதே, அழிக்கவில்லையா?'ன்னு கேட்டாரு. பலக அழிக்கிற துணியக்கூட எடுத்துட்டேன்."

"எடுத்து?" என்றார் அப்பா.

"அப்பறம் வெச்சிட்டேன். ஒரே எடத்துல தொடணும்ங்கறது வட்டத்துக்கு, இது வட்டமில்லன்னு சொன்னேன். அதுதான் சரின்னாரு. வகுப்புல மத்த எல்லாரும் அவங்கவங்க தாள்ல அந்த எடத்த அழிச்சிட்டாங்களாம். வருஷம் முடியற வரைக்கும் முன் பெஞ்சுல உக்காருன்னுட்டாரு."

அப்பா இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். "சைகோனுக்கு உங்க சித்தப்பா வேற ஆளப் பாத்துக்கட்டும்" என்றார்.

அகஸ்டினாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தாள். அவள் இன்னும் குழம்பைத் தொடவே இல்லை என்பதை யூஜின் பார்த்தான். தன் தட்டில் இருந்த பெரிய வஞ்சிர மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான்.

வஞ்சிரத்தை அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்து அந்த வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை.